அக்காவுக்குக் கேட்காத ஒரே பாட்டு

"அம்மா, உள்ள பயங்கர சத்தமா இருக்கும். காது போயிடும்" என்றார், அரங்க வாசலில் டிக்கெட் கிழிப்பவர். வேலைக்குப் புதியவர்.

"அது போயி ரொம்ப காலமாச்சுப்பா. வழிய விடு" என்றார் அக்கா.

உள்ளே வந்ததும் மேடையின் இடது பக்கம், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டித் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் கறுப்புச் சட்டைகள், இடுப்பு வரை முடி வளர்த்த ஆண்கள், மணிக்கட்டிலும் கழுத்திலும் சங்கிலிகள். அக்காவிடமும் ஒரு சங்கிலி உண்டு. மூக்குக்கண்ணாடி கீழே விழாமல் இருப்பதற்கு. முதல் தடவை பார்க்கிறவர்கள், யாரோ ஒருவனுடைய அம்மா மகனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். அக்காவுக்கு அதில் ஆட்சேபமே இல்லை. முன்வரிசைக்கு வந்து சேர அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பாட்டு தொடங்கும். மற்றவர்கள் காதில் பஞ்சு திணிப்பார்கள். அக்கா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். டிரம் அடி அவர் கைவழியாக ஏறித் தோளில் போய் உட்காருவதை மேடையிலிருந்து நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கள் ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிட்டார் என்னுடையது. பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அவனுக்கு எல்லோரையும் பார்க்க நேரமிருக்கும்.

அக்கா, எங்கள் பாடகரின் அக்கா. பாடகருக்குக் கடப்பாரை என்று பட்டம். தார் ரோட்டைப் பெயர்த்தெடுக்கிற மாதிரி ஒரு குரல். பகலில் அக்காவும் தம்பியுமாகச் சோஃபா செய்கிறார்கள். தம்பி மரச்சட்டம் அடித்து, ஃபோம் வெட்டி, துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடிப்பார். அந்தத் துணியையெல்லாம் அளந்து வெட்டித் தைப்பது அக்கா. தையல் மெஷின் மேசையில் இடது முழங்கையை ஊன்றியபடி தைப்பார். ஊசி மழுங்கினால் அந்த முழங்கைக்குத் தெரியும். கடைக்குள் யாராவது வந்தால் தரை சொல்லும். கனமான ஆளா, கடன் கேட்க வந்த ஆளா என்பதைக்கூட நடையை வைத்துச் சொல்லிவிடுவேன் என்பார். அது கொஞ்சம் அளப்பு.

பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அவர் காதுகளையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. ஏற்ற இறக்கமில்லாமல் உரக்கப் பேசுவார், ரயில் நிலைய அறிவிப்பு போல. ஆனால் ரயில் நிலைய அறிவிப்பில் இவ்வளவு நக்கல் இருக்காது. பிறகு தம்பி பிறந்தான். அவன் மழலை பேசத் தொடங்கியதுமே அக்கா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "வாயத் தொறந்து சொல்லுடா, முழுங்காத" என்று உலுக்கியெடுப்பாராம். அதனால் கடப்பாரைக்கு ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் முழுசாக உருட்டிப் பேசுகிற பழக்கம். கம்ப்ரஸரும் வெட்டு மெஷினும் சேர்ந்து ஓடுகிற பட்டறையில், இந்த மூலையிலிருந்து தம்பி சத்தமில்லாமல் வாயசைப்பார். அந்த மூலையிலிருந்து அக்கா திட்டுவார். வாடிக்கையாளர்கள் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, அந்த அம்மா தனியாகப் பேசுகிறார் போல என்று இரக்கப்படுவார்கள்.

அக்காவுக்குக் கல்யாணமும் நடந்தது. போன வீட்டில் தையல் மெஷினைத் தவிர வேறெதுவும் தனக்கு ஒத்துவரவில்லை என்று அதை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த மெஷின்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த மனிதரைப் பற்றிக் கேட்டால், "நல்லவர்தான். பேசும்போது மீசைதான் தெரியும். ஒரு வார்த்தை படிக்க முடியாது" என்பார். அவ்வளவுதான் விவாகரத்துக் கதை.

தம்பி ஒரு தடவை ஊரைவிட்டுப் போகப் பார்த்தார். கப்பலில் வேலை. பெட்டியெல்லாம் கட்டிவிட்டுப் பார்த்தால் ஒரு செருப்பைக் காணோம். வீட்டைத் தலைகீழாக்கித் தேடினார்கள். அக்காவும் கூடவே கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடினார். ஒற்றைச் செருப்போடு தெருமுனைவரை போனவர், பஸ் போய்விட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் அது மாவு டப்பாவுக்குள்ளிருந்து கிடைத்தது. கப்பல் அதற்குள் நடுக்கடலில் இருந்தது.

எங்கள் ஒத்திகையெல்லாம் விடுமுறை நாளில் அந்தப் பட்டறையில்தான். கூரை வரை ஃபோம் பாளங்கள் அடுக்கியிருப்பதால், நாங்கள் உள்ளே எவ்வளவு அடித்து நொறுக்கினாலும் பக்கத்துக் கடைக்காரருக்கு ஏதோ ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கும். வெட்டுமேசையின் மேல் ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் ஸ்பீக்கர் மேல் நீட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்றபடி அக்கா கேட்பார். டிரம்மில் ஏதாவது தப்பினால் முதலில் அவர் முகம்தான் சுளிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அரங்கத்தின் உரிமையாளர் கடப்பாரையைக் கூப்பிட்டுப் பேசினார்.

"உங்க கூட்டம் தனித்தனியா வருது, தனித்தனியா போகுது. இந்த தடவை குடும்பத்தோட வரட்டும்னு பாக்கறேன். சின்னப் பசங்க, வயசானவங்க எல்லாரும் வருவாங்க. முதல்ல ஒரே ஒரு பாட்டு. மெதுவா, குடும்பத்தப் பத்தி. அப்புறம் நீங்க என்ன வேணா கத்திக்கங்க, நான் கேக்கமாட்டேன்."

எங்களுக்கு மெதுவாக ஒரு பாட்டும் கிடையாது. கிட்டார் வாசிக்கிற பல்செட்தான் ஒரு வழி சொன்னான். அவன் பகலில் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவன். சமீபத்தில் மின்சாரம் தேவைப்படாத ஒரு மரக் கிட்டார் வாங்கியிருந்தான்.

"கண்ட்ரி பாட்டு மாதிரி பண்ணலாம்ணே. அமெரிக்கா கிராமத்துப் பாட்டு."

"அதுல என்னடா இருக்கும்?" என்றார் கடப்பாரை.

"ஒரு குதிரை இருக்கும். நீளமா ஒரு ரோடு இருக்கும். வீட்டுக்குத் திரும்பி வர்றவன் ஒருத்தன் இருப்பான்."

"நம்மகிட்ட குதிரை ஏது?"

"டெலிவரி வண்டி இருக்கில்ல."

"அது பாதி ரோட்ல நின்னுடுமே."

"அதான் சோகம். பாட்டுக்கு நல்லது."

டிரம் வாசிக்கிறவன் விடியற்காலையில் பால் வண்டி ஓட்டுபவன்; எங்களுக்கு அவன் பால்வண்டி. "எனக்கு இதுல என்ன வேலை?" என்றான்.

"இந்த மாதிரி பாட்டுக்கு டிரம் கிடையாது. குதிகாலால தரையில தட்டுவாங்க. நீ தட்டு."

"தோள்பட்டை தேயத் தேய டிரம் அடிச்சது, கடைசியில குதிகால் தட்டறதுக்கா?"

கடப்பாரை ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஸ்டேப்ளர் அடிக்கும்போது உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அக்கா பார்த்தால் உடனே திரும்பிக்கொள்வார். பாட்டு அக்காவைப் பற்றியது. அவருக்குத் தெரியாமல் செய்து, அரங்கத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு நாள் பாடிக்காட்டி அசத்த வேண்டும் என்பது திட்டம்.

பட்டறையில் வாசித்துப் பார்த்தோம். மரக் கிட்டாரின் சத்தம் நேராக ஃபோமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அதனால் மாடியில் இருக்கும் வீட்டுக் கூடத்துக்கு மாறினோம். வழவழவென்று ஓடு பதித்த தரை, வெறும் சுவர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஊருக்கெல்லாம் சோஃபா செய்கிற வீட்டில் ஒரு சோஃபா கிடையாது. "எப்பவாவது ஒண்ணு மீதியானா நமக்கு" என்று கடப்பாரை மனைவியிடம் சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. அந்த அம்மாள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், நாள் முழுக்க நிற்பவர். சோஃபாவைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு.

அக்கா கீழே ஒரு விடுதிக்கான அவசர சோஃபா உறைகளில் ஒரு பகுதியை முடித்துவிட்டு, சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே வந்தார். நாங்கள் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். கடப்பாரை தொண்டையைச் செருமினார். கத்தாமல் பாடினால் அவருக்கு எப்படிப்பட்ட குரல் இருக்கும் என்று எங்களுக்கே அந்த வாரம்தான் தெரியும். வெற்று வாளியைத் தரையில் இழுப்பதுபோல் கொஞ்சம் கரகரத்தாலும் நல்ல குரல்.

"எனக்கொளி தந்திட உருகிய மெழுகே, என்றும் அணையாத தியாகச் சுடரே" என்று பாட்டு போயிற்று. பல்செட் கம்பிகளை விரலால் மெல்ல மீட்டினான். பால்வண்டி ஓட்டுத் தரையில் காலணி இல்லாத குதிகாலால் தட்டினான். கடப்பாரையின் மனைவி கதவோரம் நின்று கேட்டார். முடிந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணமான நாள்லேருந்து இன்னிக்குத்தான் இவர் பாடினதுல எனக்கு வார்த்தை புரிஞ்சுது" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, சுருதி சேத்தது போதும். பாட ஆரம்பிங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

கடப்பாரை உதட்டை விரித்துச் சொன்னார்: "பாடி முடிச்சாச்சுக்கா."

"முடிஞ்சுதா?" அக்கா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் பல்செட்டின் கிட்டாரைப் பார்த்தார். "வாயசைச்சது தெரிஞ்சுது. வார்த்தையெல்லாம் படிச்சேன். பாட்டு எங்கடா?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. அக்காவுக்குக் காது கேட்காது என்பதை நாங்கள் சுத்தமாக மறந்துபோயிருந்தோம். எங்கள் பாட்டை ஒன்றுவிடாமல் கேட்ட ஒரே ஆள் அவர். அவருக்காகவே எழுதி, அவருக்குக் கேட்கிற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து பாடியிருக்கிறோம்.

பால்வண்டி தன் குதிகாலைத் தேய்த்துக்கொண்டான். கடப்பாரையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்காதான் பேச்சை மாற்றினார். "அது கிடக்கட்டும். மெழுகுவத்தின்னு யாரை? என்னையா?"

"ஆமாக்கா."

"ஏண்டா, கரண்ட் போனாத்தான் என் ஞாபகம் வருமா? நான் எப்படா உருகினேன்? உன்னைத்தானே உருக்கியெடுத்தேன். இதுக்கு உன் பழைய பாட்டே தேவலை. திட்டியிருந்தாலும் அதுல இருந்தது நான்."

"பழைய பாட்டா?" என்றான் பல்செட். "எந்தப் பழைய பாட்டு?"

"'கால் இழந்தவனின் சாபம்.' என் தம்பி செருப்பைத் தேடினானே, அது."

நாங்கள் மூவரும் கடப்பாரையைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கிட்டார் உறையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

ஹெவி மெட்டலில் அப்படிக் கத்தும்போது வார்த்தை யாருக்கும் புரியாது. வாசிக்கிற எங்களுக்கே புரியாது. நரகத்தைப் பற்றித்தான் ஏதோ பாடுகிறார் என்று நாங்களும் நம்பி வாசித்தோம், கறுப்புச் சட்டைக்காரர்களும் நம்பித் தலையை ஆட்டினார்கள். ஆனால் கத்தினாலும் கடப்பாரையின் உதடு ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உருட்டியது, அக்கா பழக்கிய பழக்கம். முன்வரிசையில் நின்று அக்கா அத்தனையையும் படித்திருக்கிறார்.

"'இருள் அரசி'?" என்று கேட்டான் பால்வண்டி, பயந்துகொண்டே.

"நான் பட்டறை லைட்டை அணைச்சுட்டு போயிட்டேன்னு ஒரு சண்டை வந்துச்சே. ரெண்டாவது சரணம் முழுக்க ஜிப்பைத் தலைகீழா தைச்சுட்டேன்னு என்னைத் திட்டுவான்."

அந்தச் சரணத்துக்குத்தான் கூட்டம் கைகளை உயர்த்திக் கண்ணீர் விடும்.

"'பசியின் பேய்'?"

"அது நீதான். இவன் சாப்பாட்டு டப்பாவை நீ காலி பண்ணினல்ல."

கதவோரமிருந்து கடப்பாரையின் மனைவி மெதுவாக ஒரு அடி முன்னால் வந்தார். அக்காவுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு கேட்டார்: "அண்ணி, அப்ப 'நள்ளிரவு ராட்சசி' யாரு?"

கடப்பாரை ஜிப்பை நிறுத்தினார்.

அக்கா கண்ணிமைக்கவில்லை. "அதுவா? கம்ப்ரஸர். ராத்திரி தானா ஓட ஆரம்பிச்சு உர்ருனு உறுமுமே."

"கம்ப்ரஸர போன வருஷம்தானே வாங்கினோம்?"

"அதுக்கு முந்தினது."

அன்று மாலை பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி, அக்காவின் மெஷினுக்கு எண்ணெயும் போட்டார் கடப்பாரை. யாரும் சொல்லவில்லை.

ஆனால் கிளம்பும்போது அக்கா ஒன்று சொன்னார். "இந்த தடவை நான் வரல. விடுதித் துணி இன்னும் பாதி வெட்டணும். நீங்க நல்லாப் பாடுங்க. உன் பொண்டாட்டி முதல் தடவையா முன்வரிசையில நிக்கட்டும்."

கோபமெல்லாம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கடப்பாரைக்குப் பாட்டு வரவில்லை. எதிரே பிஸ்கட் தின்கிற ஆள் இல்லாமல் அவர் பாடியதே இல்லை. வரி மறந்தால் அக்காவின் உதடு எடுத்துக்கொடுக்கும் என்பதை அப்போதுதான் சொன்னார். "அவ வரலேன்னா நான் பாடல. உரிமையாளர்கிட்ட சொல்லிடலாம்" என்றார். அக்காவுக்கு அது தெரிந்து, "என்னால ஒரு பாட்டு நின்னுச்சுன்னு பேர் வேணாம். மரியாதையா பாடு" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். டிரம்மைச் சேர்த்தோம், பாட்டு கல்யாண ஊர்வலத்தில் சிக்கிய சைக்கிள்காரன் மாதிரி ஆயிற்று. என் பேஸைப் பெரிய ஸ்பீக்கரில் கொடுத்தோம். மரக் கிட்டார் எங்கே போனது என்றே தெரியவில்லை. காது மெஷின் ஒன்று அக்காவிடம் இருந்தது. அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னதற்கு, "அது ஃபேன் சத்தத்தைத்தான் கேக்கவைக்குது. ஃபேன் பாட்டு ஒண்ணு எழுதுங்க, போட்டுக்கறேன்" என்றார்.

அந்த நேரத்தில் பட்டறைக்கு மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்று பழுதுபார்க்க வந்திருந்தது. துணியையும் ஃபோமையும் உரித்தாகிவிட்டது. வெறும் மரச்சட்டம், அடியில் பலகை. அதன் ஒரு கோடியில் அக்கா உட்கார்ந்து, பழைய ஸ்டேப்ளர் கம்பிகளை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தார். வேலையில்லாத பால்வண்டி மறுகோடியில் போய் உட்கார்ந்தான். நாங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று பாட்டை இன்னொரு தடவை ஓட்டினோம். பால்வண்டி, வேண்டாவெறுப்பாக, கனமான காலணி போட்ட குதிகாலால் சோஃபாவின் கீழ்ச்சட்டத்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் இடுக்கி நின்றது.

"யாரது?" என்றார். திரும்பிப் பார்த்தார். பால்வண்டி உதைப்பதை நிறுத்தினான். "நிறுத்தாதடா! மறுபடி உதை."

உதைத்தான். அக்கா தம்பியின் உதட்டைப் பார்த்தார், பல்செட்டின் விரலைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த மரம் அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கடப்பாரை பாடுவதை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது. முதுகெலும்புல ஏறுது."

கடப்பாரை தலையில் அடித்துக்கொண்டார். உட்கார்கிறவருக்கு ஒரு அதிர்வும் தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய தொழில். அதற்காகத்தான் ஃபோமும் நார்ப்பஞ்சும் வைத்துத் திணித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தேவையாக இருந்தது, அவர் இன்னும் செய்து முடிக்காத சோஃபா.

"ஆனா ஏண்டா இவ்வளவு மெதுவா போகுது?" என்றார் அக்கா. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அத்தோடு மெழுகுவத்திக்கு வேலை போயிற்று. அன்றே உட்கார்ந்து வார்த்தையை மாற்றினார்கள். அக்கா வெட்டுமேசையில் ஏறி உட்கார்ந்து, உறையில் தையல் பிரிப்பது போல ஒவ்வொரு வரியாகப் பிரித்தார். "இது பொய்." "இது யாரோட அக்கா?" "இது நடந்துச்சு, இருக்கட்டும்." கடைசியில் நின்ற சரணம் இது:

ஊரை விட்டுப் போகும் நாளில்
ஒரு செருப்பை ஒளித்து வைத்தாய்;
ஒற்றைக் காலில் தெருமுனை போய்
உன் கதவுக்கே திரும்பி வந்தேன்.

திரும்பத் திரும்ப வருகிற வரியை அக்காவே சொன்னார்: "திட்டு அக்கா திட்டு, நீ திட்டாத வீடு எனக்கெதற்கு?" பல்செட் கம்பியில் விரலை இரண்டு மடங்கு வேகமாக ஓட்டினான். குதிரை கிடைத்துவிட்டது என்றான். கடப்பாரையின் மனைவி தன்னைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சோஃபா இல்லாத வீட்டில் நாள் முழுக்க நின்றவள் வந்து நிற்கிறாள் என்று ஒரு வரி. கடப்பாரை அதை எழுதும்போது நிமிரவே இல்லை.

நிகழ்ச்சி அன்று அந்தச் சட்டத்தையும் அக்காவையும் டெலிவரி வண்டியில் ஏற்றி அரங்கத்துக்குக் கொண்டுபோனோம். சோஃபாவின் சொந்தக்காரரிடம் துணி இன்னும் வரவில்லை என்று சொல்லியிருந்தது.

"இது என்ன, பாதி சோஃபா?" என்றார் அரங்க உரிமையாளர்.

"மீதி பாட்டுல வருதுங்க" என்றான் பால்வண்டி.

மேடையில் போட்டோம். அக்கா ஏற மறுத்துவிட்டார். "நான் முன்வரிசை ஆளு. மேல ஏறினா இவன் உதட்டைப் பக்கவாட்டுலதான் பாக்கணும். பாதி எழுத்து போயிடும்." அவர் சொன்னது நியாயம். அதனால் சட்டத்தை மேடைக்குக் கீழே, முன்வரிசையின் நடுவில் இறக்கினோம். பால்வண்டியும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று. அன்றைக்கென்று அவன் மாமனார் வீட்டார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மருமகன் மேடையில் இருப்பார் என்று பார்த்தால், சனங்களோடு சனமாக ஒரு எலும்புக்கூட்டுச் சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறார். "மாப்பிள்ளைக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தாங்களோ?" என்று மாமனார் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எனக்குக் கேட்டது.

கறுப்புச் சட்டைக்காரர்கள் தத்தம் அம்மாக்களோடும் குழந்தைகளோடும் வந்து, வீட்டுப்பாடம் செய்யாத பையன்கள் போல அடக்கமாக நின்றார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வெறும் பலகை உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு தடவை அசைந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் தன் குஷனை நீட்டினார். "ஐயையோ, அது மட்டும் வேணாம்" என்று பதறித் திருப்பிக் கொடுத்தார் அக்கா.

பால்வண்டியின் குதிகால் விழுந்தது. பல்செட் சேர்ந்துகொண்டான், நான் சேர்ந்துகொண்டேன். கடப்பாரை கீழே அக்காவைப் பார்த்தார், பாடத் தொடங்கினார்.

முதல் சரணத்தில் அக்கா அவர் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் சரிபார்க்கிற பார்வை. "திட்டு அக்கா திட்டு" என்று வந்ததும் அரங்கம் சிரித்தது. இரண்டாவது தடவை வந்தபோது குழந்தைகள் சேர்ந்து பாடினார்கள், மூன்றாவது தடவை கறுப்புச் சட்டைகளும். அக்காவின் செருப்புக்கால் சோஃபாவின் கீழ்ச்சட்டத்தில் தட்டத் தொடங்கியது. பால்வண்டியின் காலோடு முதலில் ஒட்டிப் போனது, கொஞ்சநேரத்தில் அதை இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் மூன்று பேரும் மேடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலின் பின்னால் ஓடினோம்.

செருப்புச் சரணம் வந்தது. அப்போது நான் பார்த்தேன், அக்கா கண்ணை மூடியிருந்தார்.

உதட்டைப் படிக்கிறவர் கண்ணை மூடமாட்டார். மூடினால் எல்லாம் போய்விடும். இத்தனை நிகழ்ச்சியில் ஒரு தடவைகூட அக்கா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவைதான் என்று விட்டுவிட்டாரோ என்னவோ. தலையைப் பின்னால் சாய்த்து, வெறும் மரத்தில் முதுகைக் கொடுத்து, காலால் தட்டிக்கொண்டிருந்தார்.

கடப்பாரையும் பார்த்துவிட்டார். குரல் ஒரு நொடி தடுமாறி மறுபடி நிலைக்கு வந்தது. கடைசி வரியைப் பாடி முடித்தார். பல்செட் கடைசிக் கம்பியை மீட்டிக் கையைத் தூக்கினான். பால்வண்டி காலை நிறுத்தினான். கைதட்டல் எழுந்தது.

அக்காவின் கால் நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது என்று அவரிடம் யார் சொல்வது? கைதட்டல் மெல்லத் தணிந்து, அரங்கம் முழுக்க அந்தச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பால்வண்டி மேடையை அண்ணாந்து பார்த்து, "அண்ணே, தோளத் தட்டிச் சொல்லட்டுமா?" என்றான்.

பக்கவாட்டில் நின்ற கடப்பாரையின் மனைவி, "தொட்டீங்க, கொன்னுடுவேன்" என்றார்.

கடப்பாரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பல்செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல்லேருந்து வாசிங்கடா" என்றார்.